போடாத கையெழுத்து

அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. 2022 ஏப்ரல், ராத்திரி பத்தரை மணி இருக்கும். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதியது: "பதினோரு நாளாத் தண்ணி வரல. ஒரு மோட்டாரை ரிப்பேர் பார்க்க முடியாதவங்க எதுக்குத் தலைவர் நாற்காலியில உட்காரணும்?" விடிவதற்குள் நாற்பது பேருக்கு மேல் கைதட்டி முடித்திருந்தார்கள். கோபம் நியாயமான கோபம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. முட்டிவலியோடு அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வயல் கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஆனால் அந்தக் கோபம் போய் விழுந்த இடம் தப்பு. தப்பு என்று மூன்றே நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அதே ஊர் முன்னால் வாயைத் திறந்து சொல்ல எனக்கு நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தைத்தான் மனசு திரும்பத் திரும்பத் தோண்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊராட்சி 2019 டிசம்பர் தேர்தலில் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, மூன்று வருஷத்துக்கு மேல் அரசு போட்ட தனி அலுவலர்களே ஊரை நடத்தி முடித்த பிறகு வந்த தேர்தல். ஒதுக்கீட்டு விவரம் தெரிந்த அன்று ராத்திரி கோயில் மண்டபத்தில் எங்கள் ஆட்கள் கூடினார்கள். எங்கள் ஆட்கள் என்றால் என் சாதிக்காரர்கள். இதை மழுப்பினால் மேற்கொண்டு எழுதுவதிலேயே அர்த்தமில்லை. யாரும் சத்தம் போடவில்லை. கலெக்டர் ஆபீசுக்குப் போகலாம், கேஸ் போடலாம் என்றெல்லாம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் மட்டும், "சேர் அவங்களுக்குப் போயிருச்சு, சரி. செக்கு நம்மகிட்ட இருக்கட்டும்" என்றார். எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைந்தோம். நானும் அங்கேதான் தூணில் சாய்ந்து நின்றிருந்தேன். அந்த வார்த்தையின் கனம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

ஊராட்சிப் பணத்தில் ஒரு ரூபாய் வெளியே போக வேண்டும் என்றாலும் செக்கில் தலைவர், துணைத்தலைவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை மறைமுகத் தேர்தலில், வார்டு மெம்பர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவர் தனியாகப் பணத்தை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ரெட்டைப் பூட்டு இது. காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடு. தலைவர் பதவி ஒதுக்கீட்டில் போன ஊரில் அந்த இரண்டாவது சாவி யார் கைக்குப் போகிறது என்பதைத்தான் மண்டபத்துப் பெரியவர் கணக்குப் போட்டிருந்தார்.

வேட்பாளரையும் அவர்களே தேடிப் பிடித்தார்கள். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவர், வருகைப் பதிவேடு எழுதத் தெரிந்தவர், நடவு சமயத்தில் எங்கள் மாமா வயலில் வேலைக்கு வருகிறவர். "நம்ம சொல்லுக்கு அடங்கின ஆள்" என்று முடிவானது. அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா அவரை "அந்தப் புள்ள" என்பார். இளஞ்சிவப்புச் சீட்டில் ஓட்டு விழுந்தது, ஜெயித்தார், 2020 ஜனவரி 6 அன்று பதவியேற்றார். துணைத்தலைவர் தேர்தல் ஜனவரி 11. அதற்கு முந்தைய இரண்டு ராத்திரி எங்கள் ஒன்பது வார்டு மெம்பர்களில் ஆறு பேர் ஊரில் இல்லை. வெளியூர் லாட்ஜில் இருந்தார்கள். போன்களை எல்லாம் ஒரே பையில் போட்டு ஒருவர் வைத்துக்கொண்டார் என்று அதில் ஒரு மெம்பரே பிறகு எனக்குச் சொன்னார். திரும்பி வந்து வேனிலிருந்து நேராக ஊராட்சி ஆபீசில் இறங்கினார்கள். மாமா போட்டியில்லாமல் துணைத்தலைவர் ஆனார்.

இதைப் படிக்கிற பலருக்கு மேலவளவு ஞாபகம் வரும். 1996இல் அந்த ஊராட்சி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டு, தலைவராக ஜெயித்த முருகேசனையும் கூட வந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் நாலு ஊரிலும் பத்து வருஷம் தலைவர் நாற்காலியில் யாரையும் நிலைக்க விடவில்லை. 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. அவற்றையெல்லாம் நாம் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த அளவுக்குப் போகாத ஊர்கள்தான் அதிகம். எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் தேர்தல் ஒழுங்காக நடக்கும், பதவியேற்பில் எல்லோரும் சால்வை போடுவோம், போட்டோ எடுப்போம். அதன் பிறகு செக் மட்டும் நகராது. ரத்தம் இல்லை, சத்தம் இல்லை, அதனால் செய்தியும் இல்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தபோது அதைக் கொதித்துப்போய்ப் பகிர்ந்தவர்களில் நானும் ஒருவன். துணைத்தலைவர் மேல் வழக்குப் பதிவானதையும் எழுதினேன். அப்படிப்பட்டவன்தான் பதினெட்டு மாதம் கழித்து என் சொந்த ஊர்த் தலைவரைப் பார்த்து "நாற்காலியில எதுக்கு உட்காரணும்" என்று கேட்டேன்.

முடிச்சுப் போட்ட கயிறு

முதல் ஒரு வருஷம் பெரிதாக எந்தப் பிரச்சினையும் வரவில்லை. கிளார்க் (ஊராட்சி செயலர் என்பது பெயர், ஊரில் எல்லோருக்கும் கிளார்க்தான்) நோட்டையும் செக்கையும் தூக்கிக்கொண்டு முதலில் மாமா வீட்டுக்குப் போவார். அங்கே பேசி முடித்ததும் காலனிக்குப் போய்த் தலைவரம்மாவிடம் விரலால் இடத்தைக் காட்டுவார். அவர் போடுவார். கொரோனா காலத்து பிளீச்சிங் பவுடர் பில், தெருவிளக்கு பில், போர் ரிப்பேர் பில் எல்லாம் இப்படியே போனது. அந்த வருஷத்தில் நிர்வாகம் சரியில்லை என்று ஒருவரும் குழுவில் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

அப்புறம் ஒரு நாள் அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். மாவட்டத் தலைநகரில் நடந்த பயிற்சிக்குப் போய் வந்த பிறகு என்று கிளார்க் சொல்கிறார். கல்லூரியில் படிக்கிற மகன் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தான் என்று காலனியில் சொல்கிறார்கள். எதுவானாலும் சரி, 2021 கடைசியில் குடிநீர்க் குழாய் பதித்த வேலை ஒன்றின் பில் அவர் முன்னால் வந்தது. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம். மீதி 40 சதவீதத்தில்தான் ஊராட்சி தன் விருப்பத்துக்கு எதையாவது செய்ய முடியும். அந்தக் கட்டிப்போட்ட பணத்திலும் வழி கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. எம்-புக்கில் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) 180 மீட்டர் என்று ஓவர்சியர் பதிந்திருந்தார். எம்-புக் என்பது ஊராட்சி வேலைகளின் ஜாதகம் மாதிரி. அதில் என்ன அளவு ஏறுகிறதோ அதுதான் பூமிக்கடியில் இருக்கும் உண்மை என்று யூனியன் (ஊராட்சி ஒன்றிய) ஆபீசில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை.

தலைவரம்மா தோண்டவில்லை. ஒரு தென்னங்கயிற்றை எடுத்து, மகனுடைய பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து மீட்டருக்கு ஒரு முடிச்சாக இருபது முடிச்சு போட்டார். சாயங்காலம் மாடு திரும்பும் நேரத்தில், டேங்க் ஆபரேட்டரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, வால்வுக் குழியிலிருந்து கடைசிக் குழாயடி வரைக்கும் அளந்தார். ஐந்து தடவை முழுக் கயிறு, ஆறாவது தடவை பன்னிரண்டு முடிச்சு. 112 மீட்டர். மறுநாள் கிளார்க்கிடம் பில்லைத் திருப்பிக் கொடுத்து, "அளவு சரியா எழுதிட்டு வாங்க, போடுறேன்" என்றாராம். அவ்வளவுதான் அவர் செய்தது. அந்தக் குழாய் வேலையை எடுத்திருந்தவர் ஒன்றியக் கவுன்சிலருக்குச் சொந்தம், மாமாவுக்கும் வேண்டியவர்.

அந்த வாரத்திலிருந்து தலைவரம்மா கையெழுத்துப் போட்டு அனுப்பிய எந்தச் செக்கும் மாமா வீட்டுத் திண்ணையைத் தாண்டவில்லை.

தாம்பூலத் தட்டோடு போன வீடு

நான் மெசேஜ் போட்ட மூன்றாம் நாள், அக்கா மகள் காதுகுத்துக்குச் சொல்ல மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை தட்டை வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு காபி போட உள்ளே போனாள். மாமா சந்தோஷமாக இருந்தார். "நல்லாப் போட்டிருந்த மாப்ள, குரூப்புல. உன்னை மாதிரி படிச்சவன் சொன்னாத்தான் நாலு பேருக்கு உறைக்கும்" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, மறைப்பதற்கில்லை.

டிவி வைத்திருந்த மேசையில், ரிமோட்டுக்குக் கீழே நீளமான கவர் ஒன்று இருந்தது. ரிமோட்டை எடுக்கப்போனபோது கவர் வாய் திறந்து உள்ளேயிருந்த தாள் பாதி வெளியே வந்தது. ஊராட்சிச் செக். மோட்டார் காயில் கட்டுகிற கடையின் பெயரில், 38,400 ரூபாய்க்கு. இடது பக்கம் தலைவரம்மாவின் கையெழுத்து, கொஞ்சம் சாய்ந்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. பக்கத்தில் வட்ட முத்திரை. வலது பக்கம் காலி. தேதியைப் பார்த்தேன்: மார்ச் 4. நான் அதைப் பார்த்தது ஏப்ரல் 16. கவருக்குள் இன்னும் சில செக்குகள் இருந்தன, எண்ணவில்லை.

மோட்டார் ஏன் ஓடவில்லை என்பது அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. டிசம்பரில் ஒரு தடவை காயில் கருகிக் கடைக்காரர் கடனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். அந்தப் பணம் போகவில்லை. ஏப்ரலில் மறுபடியும் கருகியதும், பழைய பாக்கி வந்தால்தான் மோட்டாரில் கை வைப்பேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

"மாமா, இது என்ன?" என்றேன்.

அவர் பதறவில்லை. கவரை வாங்கி மறுபடியும் ரிமோட்டுக்குக் கீழேயே வைத்தார். "அந்த மோட்டார் பில்லுதான். போடணும்."

"மார்ச்லயே வந்திருக்கே. ஒரு கையெழுத்துத்தானே?"

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெட்டதனம் எதுவும் இல்லை. மருமகனுக்குத் தொழில் சொல்லித் தருகிற சிரிப்பு. "கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும் மாப்ள? போட்டுட்டா அப்புறம் என்கிட்ட யாரு வருவா?"

அத்தை காபியோடு வந்தாள். குடித்தேன். காதுகுத்துக்குக் கட்டாயம் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியில் பொதுக் குழாயடியில் காலிக் குடங்கள் வரிசையில் நின்றன, ஆள் இல்லை, இடம் பிடிக்க வைத்த குடங்கள்.

அதுவரை உள்ளாட்சி என்றால் எனக்கு மனசில் ஒரே படம்தான்: யார் எவ்வளவு எடுத்தார்கள். நாம் எல்லோரும் பேசுவது அதைத்தான், பர்சன்ட் கணக்கு. அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் மாமா அந்த மோட்டார் பில்லில் ஒரு பைசா கேட்கவில்லை. கடைக்காரரிடமும் கேட்கவில்லை, தலைவரம்மாவிடமும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது, தன் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும், கேட்க வேண்டும், அவ்வளவுதான். எதையும் செய்கிற அதிகாரம் அவர் பதவிக்குக் கிடையாது. நிறுத்தி வைக்க மட்டும் முடியும். செக்கில் இன்னொரு சங்கதியும் உண்டு: தேதி போட்டு மூன்று மாதம் ஆகிவிட்டால் அது செல்லாது. மறுபடியும் புதுச் செக் எழுதி, மறுபடியும் கிளார்க் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். மறுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டிவரும். ரிமோட்டுக்குக் கீழே வைத்துவிட்டால் அது தானாகவே செத்துப்போகும், யார் கையிலும் ரத்தம் ஒட்டாது.

அதற்குப் பிறகு யூனியன் ஆபீசுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் என் கண்ணுக்கு இதுவே தெரிகிறது. ஓவர்சியர் எம்-புக் எழுதாமல் வைத்திருக்கலாம். கிளார்க் தீர்மான நோட்டு வீட்டில் இருக்கிறது என்று சொல்லலாம். ஒன்றியக் கவுன்சிலர் கட்சிச் சின்னத்தில் ஜெயித்தவர், ஊராட்சித் தலைவருக்குச் சின்னம் உண்டே தவிர கட்சி கிடையாது. அதனால் ஒரு வேலை யூனியன் பட்டியலில் ஏற வேண்டுமானால் தலைவர் கவுன்சிலரையோ எம்.எல்.ஏ. வீட்டையோ பார்த்துத்தான் ஆக வேண்டும், பார்க்கும் வரை பட்டியல் "தயாராகிக்கொண்டே" இருக்கும். அரசியல் சாசனத்தின் பதினோராவது அட்டவணையில் 29 துறைகளை ஊராட்சிகளுக்கு உரியவை என்று எழுதி வைத்திருக்கிறோம். நடைமுறையில் ஒவ்வொரு துறையிலும் யாரோ ஒருவர் ஒரு காகிதத்தின் மேல் ரிமோட்டை வைத்துவிட்டு, கேட்டு வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தலைவரம்மாவும்தான் ஒரு பில்லை நிறுத்தினார். ஊரில் இன்றைக்கும் மாமாவுக்காகப் பேசுகிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள்: "அவங்க நிறுத்தலாம், இவர் நிறுத்தக் கூடாதா?" எனக்கு ரொம்ப நாள் இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அவர் எதற்காக நிறுத்துகிறேன் என்று கிளார்க்கிடம் சொல்லி, என்ன செய்தால் போடுவேன் என்பதையும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். மாமா கவரில் ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை.

மே 1, ஆகஸ்ட் 15

தண்ணீர் பத்தொன்பதாம் நாள் வந்தது. எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வந்தால் கேட்க மாட்டோம். பத்து நாள் கழித்து மே 1 கிராம சபை. எங்கள் ஊராட்சி மாதிரி 501 முதல் 3,000 பேர் உள்ள ஊருக்கு நூறு பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். வேப்பமரத்தடியில் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூட்டம், ஏனென்றால் எல்லோரும் திட்டத்தான் வந்திருந்தார்கள். ஒரு மணி நேரம் தலைவரம்மாவைத் திட்டினார்கள். என் மெசேஜின் வார்த்தைகளையே திருப்பிச் சொன்னார்கள், "மோட்டார் மாட்டத் தெரியாதவங்க" என்று. அவர் நின்றுகொண்டே கேட்டார். மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, "விடுங்கப்பா, பொம்பளப் பிள்ள, பாவம்" என்று சமாதானம் செய்தார். எனக்கு எல்லாம் தெரியும். மார்ச் 4 என்ற தேதி வரைக்கும் தெரியும். நான் மரத்தடியில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்தில் காதுகுத்து, மாமாதான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு காரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. ஜூன் மாதம் ஒரு நாள் டேங்க் ஆபரேட்டர் பேச்சுவாக்கில் சொன்னார், தலைவரம்மா தன் மகளிர் குழுவில் நாற்பதாயிரம் கடன் எடுத்துக் கடை பாக்கியைக் கட்டித்தான் மோட்டாரை எடுத்து வந்தார் என்று. மாதாமாதம் வட்டியோடு கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. காலனிக்குப் போய் அவர் வீட்டு வாசலில் நின்றேன். "வாங்க தம்பி" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டார். மெசேஜ் போட்டது நான்தான் என்றேன். "தெரியும் தம்பி, மகன் காட்டினான்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. உள்ளே போய் நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் நாலு கட்டம்: என்ன பில், எவ்வளவு, நான் போட்ட தேதி, அவர் போட்ட தேதி. நாலாவது கட்டம் பதினோரு வரிசைக்குக் காலியாகக் கிடந்தது. பணித்தளத்தில் வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கை.

அதை ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசித்தார். வாசிக்கச் சொன்னது நான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது உண்மையில்லை. அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. வரவு செலவு பிளக்ஸுக்குப் பக்கத்தில் நின்று, பதவியேற்பு நாளில் பேசியதைவிட மெதுவான குரலில் ஒவ்வொரு வரிசையாக வாசித்தார். "தெருவிளக்கு சாமான், 14,200, நான் போட்டது பிப்ரவரி 9, துணைத்தலைவர் போட்டது, இன்னும் இல்லை. மோட்டார் காயில், 38,400, நான் போட்டது மார்ச் 4, துணைத்தலைவர் போட்டது, இன்னும் இல்லை." ஆறாவது "இன்னும் இல்லை"யில் கூட்டம் அடங்கிவிட்டது. மாமா எழுந்து, "இதெல்லாம் ஆபீஸ் விஷயம், சபையில பேசுறதா?" என்றார். அப்போதுதான் நான் எழுந்தேன். மார்ச் 4 செக்கை ஏப்ரல் 16 அன்று நான் கண்ணால் பார்த்தேன், எங்கே பார்த்தேன் என்பதையும் சொன்னேன். குழுவில் நான் எழுதியது தப்பு என்றும் சொன்னேன். குரல் நடுங்கியது. மாமா என்னைப் பார்க்கவில்லை, அன்றிலிருந்து இரண்டு வருஷம் பார்க்கவில்லை.

நிலுவையில் இருக்கும் பில்களின் பட்டியலை ஒவ்வொரு கிராம சபையிலும் வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். நோட்டில் எழுதி முடிக்கும் வரை பெண்கள் கலைந்து போகவில்லை, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது, ஏனென்றால் வெற்று நோட்டில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு தீர்மானத்தைச் சாவகாசமாகப் பிறகு எழுதுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் கிராம சபைகள் வரிசையாகத் தீர்மானம் போட்டதையும், 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்ததையும் பார்த்தபோது எனக்கு எங்கள் வேப்பமரத்தடிதான் ஞாபகம் வந்தது. அங்கே மலையையும் நிலத்தையும் காப்பாற்றக் கூடினார்கள், எங்களுக்கு ஒரு மோட்டார். இரண்டு இடத்திலும் எழுதி முடிக்கும் வரை ஆட்கள் நின்றார்கள்.

பி.டி.ஓ. அறையில்

செக் உடனே நகர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எழுபத்து நாலு கையெழுத்தோடு கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுநாளில் மனு கொடுத்தோம். ஊராட்சிகளின் ஆய்வாளர் கலெக்டர்தான். ஊராட்சிகள் சட்டத்தின் 203ஆவது பிரிவை வைத்துச் செக் அதிகாரத்தை வேறு கைக்கு மாற்ற அவரால் முடியும். அந்த மனு கலெக்டர் ஆபீசிலிருந்து உதவி இயக்குநர் ஆபீசுக்கும், அங்கிருந்து யூனியன் ஆபீசுக்கும் இறங்கி, கடைசியில் குழாய் வேலைக்கு அளவெடுத்த அதே ஓவர்சியரின் மேசைக்கு "உரிய நடவடிக்கைக்காக" வந்து சேர்ந்தது. மனு கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வட்டம் இது. ஆனால் 203 என்ற எண் மாமா காதுக்குப் போயிருந்தது.

செப்டம்பரில் ஒரு நாள் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) தன் அறைக்குத் தலைவரம்மாவையும் மாமாவையும் கூப்பிட்டார். கிளார்க், ஓவர்சியர், ஒன்றியக் கவுன்சிலர் எல்லோரும் உள்ளே. நான் வராந்தாவில் நின்றேன். ஒன்றரை மணி நேரம். வெளியே வந்தபோது மாமா பதினோரு செக்கிலும் கையெழுத்துப் போட்டிருந்தார், காலாவதியானவற்றுக்குப் புதுச் செக்கும் எழுதி. குழாய் வேலையை மறுபடி அளந்து எம்-புக்கில் 112 என்று திருத்தினார்கள், அந்த அளவுக்குப் பில் பாஸ் ஆனது. முதலில் 180 என்று எழுதியது எப்படி என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. "எழுத்துப் பிழை" என்று கோப்பில் போட்டார்கள். எனக்கு அது ஆறவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் தலைவரம்மாவிடம் கேட்டேன், இதுக்கு ஏன் ஒத்துக்கிட்டீங்க, இன்னும் மேலே போயிருக்கலாமே என்று. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீங்க மேலே போயிட்டு டவுன்ல வேலைக்குப் போயிருவீங்க. நான் நடவுக்கு அவங்க வயல்லதான இறங்கணும்." மோட்டார் பில் பணம் கடைக்காரர் கைக்குப் போய், அவர் அதைத் தலைவரம்மாவிடம் திருப்பிக் கொடுக்க, குழுக் கடனை அவர் அடைத்தார். வட்டி அவருடையதாகவே போனது. அதற்கு எந்தக் கணக்கிலும் பில் போட முடியாது.

இன்னும் மேலே போயிருக்க வேண்டும் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அப்படி நினைக்கிற செலவு என்னுடையது இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

2025 ஜனவரி 5 அன்று அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடக்கவில்லை. மறுபடியும் தனி அலுவலர், அதாவது பி.டி.ஓ. அப்போது தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே நாளில் தலைவரும் இல்லை, வார்டு மெம்பரும் இல்லை என்று ஆனது. இனி ரெட்டைக் கையெழுத்துத் தகராறு இல்லையே, நல்லதுதானே என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பி.டி.ஓ. தலையில் எத்தனையோ ஊராட்சி. முன்பு செக் எந்த வீட்டு டிவி மேசையில் கிடக்கிறது என்றாவது தெரிந்திருந்தது, போய் வாசலில் நிற்கவாவது முடிந்தது.

அந்த வருஷம் கோடையில் மோட்டார் மறுபடியும் நின்றது. ஆபரேட்டர் எனக்குப் போன் செய்தார். நான் யூனியன் ஆபீசுக்குக் கிளம்பும்போது, சொல்லாமலே, பஸ் நிறுத்தத்தில் தலைவரம்மா நின்றுகொண்டிருந்தார். இப்போது அவர் தலைவர் இல்லை, ஊரில் பாதிப் பேர் மறுபடியும் "அந்தப் புள்ள" என்கிறார்கள். கையில் மஞ்சள் பை. பி.டி.ஓ. கள ஆய்வுக்குப் போயிருக்கிறார், மூன்று மணிக்கு மேல் வருவார் என்றார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார், பழையது முடிந்து புது நோட்டு, அட்டைக்குக் காக்கித்தாள் போட்டிருந்தது. முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நாலு கட்டம் ஏற்கெனவே கிழித்திருந்தார். பேனா மூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்ன தேதி தம்பி?"